பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேர்ந்தெடுத்தலும் பேணலும்: முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடோமீட்டரை. விலைப் பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்பது எங்கும் நிலவும் நம்பிக்கை. முப்பது ஆண்டு கடந்த, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அத்தகைய வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது, அதன் உடற்கூட்டுக்குள் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிய நீர். எஞ்சினை ஒரு வார இறுதியில் இறக்கி வேறொன்றை ஏற்றிவிடலாம். உளுத்துப்போன உடற்கூட்டைச் சீராக்குவதற்கு ஆகும் செலவோ வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

இதை நிறுவ எடுத்துக்கொண்ட வண்டி, 1989 முதல் 1997 வரை ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாரான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. தமிழ்நாட்டில் மாஸ்டா என்றதும் நினைவுக்கு வருவது ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான். இந்தக் கார் இந்தியச் சந்தைக்கு வந்ததில்லை. எனவே ஆய்வுக்களமாக பிரிட்டனைக் கொண்டோம். மழை, குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயச் சோதனை, அச்சோதனையின் முடிவுகள் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருப்பது ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த நாடு அது. பழைய வண்டி எப்படி அழிகிறது என்பதை அங்கே ஆண்டுவாரியாகப் படித்தறிய முடிகிறது.

2. பிறப்பும் அமைப்பும்

1960களில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் எடை குறைந்த இரண்டு இருக்கைத் திறந்த கார்களால் உலகைக் கவர்ந்தன. லோட்டஸ் இலான், எம்ஜி பி போன்றவை ஓட்டுவதற்கு இன்பமானவை. ஆனால் எண்ணெய்க் கசிவுக்கும் மின்கோளாறுக்கும் பேர்போனவை. 1970களின் இறுதியில் அந்த வகையே தேய்ந்துகொண்டிருந்தபோது, பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் இதழாளர் 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் அதைப் புதிதாகச் செய்து தரும்படி யோசனை சொன்னார். பத்தாண்டு கழித்து, தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர். 2000ஆம் ஆண்டில், உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காராகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

இரண்டு அமைப்புக் கூறுகள் இந்த ஆய்வுக்கு முக்கியம். முதலாவது, எஞ்சின். 1,597 சிசி கொள்ளளவுள்ள அந்த 1.6 லிட்டர் எஞ்சின் மாஸ்டா 323 என்ற சாதாரணக் குடும்பக் காரின் வழிவந்தது. 1993இல் வந்த 1.8 லிட்டரும் அதே மரபுதான். அன்றாட உழைப்புக்காக வடிக்கப்பட்ட எஞ்சின் என்பதால் நீண்ட தூரம் தாங்குகிறது. உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கிறது. இரண்டாவது, தகட்டுக் கூரை இல்லாமை. மூடிய காரில் கூரையும் தூண்களும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். திறந்த காரில் அந்தப் பாரம் முழுவதும் தரைப்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை இருபுறமும் ஓடும் ‘சில்’ என்ற பெட்டித் தகடுதான் சுமார் 950 கிலோ எடையுள்ள இந்த வண்டியின் முதுகெலும்பு. அதில் துரு ஏறினால் வண்டியின் உறுதியே குலைகிறது.

3. நீரும் துருவும்

3.1 நீர் செல்லும் வழி

துணிக்கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீரை ஒரு தடம் ஏந்தி, இருக்கைகளுக்குப் பின்னே இருபுறமும் உள்ள வடிகுழாய்களுக்கு அனுப்புகிறது. அது பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னே தரையில் கொட்டவேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து இந்தக் குழாய்களின் வாய்களை அடைத்துவிடும். ஓட்டுவீட்டில் தகரப் பீலி அடைத்தால் தண்ணீர் சுவரில் இறங்குவது போலத்தான் பிறகு நடப்பது: நீர் திசைமாறி சில் பெட்டிக்குள் இறங்குகிறது, இருக்கைக்குப் பின்னுள்ள கம்பளத்தை நனைக்கிறது. உள்ளே தேங்கிய ஈரம் தகட்டை உள்ளிருந்தே தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்தகடு சல்லடையாகியிருக்கும்.

வெளியிலிருந்து வரும் தாக்குதல் உப்பினுடையது. செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்டில் வெட்டியெடுக்கும் பாறை உப்பு, பனி உறையும் இரவுகளில் பிரிட்டிஷ் சாலைகளில் கொட்டப்படுகிறது. சக்கரம் வாரியடிக்கும் உப்புச்சேறு பின் சக்கர வளைவின் உட்புறம் அப்பிக்கொள்கிறது. உள்ளிருந்து வரும் நீரும் வெளியிலிருந்து வரும் உப்பும் சந்திக்கும் இடம் சில் பெட்டியின் பின்முனை. இந்த வண்டியில் துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜப்பானில் ஓடி, பின்பு பிரிட்டனுக்கு இறக்குமதியான யூனோஸ் வண்டிகள் பல சுத்தமான அடிப்பகுதியோடு வந்தன. ஆனால் அவற்றின் அடியில் துருத்தடுப்புப் பூச்சு போதிய அளவு இருக்கவில்லை. வந்து இறங்கியதும் பூச்சு போட்டவர்களின் வண்டி தப்பியது. அப்படியே ஓட்டியவர்களின் வண்டி, பிரிட்டனிலேயே விற்ற வண்டிகளைவிட வேகமாக அரித்தது. ‘ஜப்பான் இறக்குமதி, துருவே இருக்காது’ என்ற விற்பனைப் பேச்சை, வந்த ஆண்டு எது என்று கேட்காமல் ஏற்கக் கூடாது.

3.2 சோதிக்கும் முறை

வண்டியை ஜாக்கி வைத்தோ, லிஃப்டில் ஏற்றியோதான் பார்க்க வேண்டும். நின்றபடியே குனிந்து பார்ப்பது பயன்தராது. பின் சக்கரத்துக்கு முன்னுள்ள வளைவை விரலால் உட்புறம் தடவ வேண்டும்: கொப்புளமோ, அளவுக்கு மீறித் தடித்த கறுப்புப் பூச்சோ இருந்தால் அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பார்ப்பது பழைய உத்தி, இன்றும் நம்பத்தக்கது. காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. அதன் கீழே தகடு இல்லாமலும் இருக்கலாம்.

வெல்டிங் செய்த வண்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதே கேள்வி. சில் பெட்டி ஒற்றைத் தகடன்று. வெளித்தகடு, உள்தகடு, நடுவே வலுவூட்டும் தகடு என அடுக்குகளால் ஆனது. துருவை முழுவதும் அறுத்தெடுத்து ஒவ்வோர் அடுக்கையும் புதிதாக்கியவரிடம் அந்த வேலையின் படங்கள் பெரும்பாலும் இருக்கும். உளுத்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்தால் ஆண்டுச் சோதனையில் ஒருமுறை தேறலாம். ஆனால் உள்ளே அரிப்பு தொடர்கிறது. பழுது பார்க்காமல் விட்ட துருவைவிட மோசமான நிலை இது என்பது நம் மதிப்பீடு, ஏனெனில் அடுத்து வாங்குபவர் ஏமாறுகிறார்.

3.3 டிக்கி

பேட்டரி டிக்கிக்குள் இருப்பது பலர் அறியாத செய்தி. அதனால் கசியாத, வாயு வெளியேறக் குழாய் உள்ள தனிவகை பேட்டரியைத் தொழிற்சாலையில் பொருத்தினர். காசை மிச்சம்பிடிக்கச் சாதாரண பேட்டரியை வைத்தவர்களின் வண்டியில் அமிலம் தரையை அரித்திருக்கும். பேட்டரித் தட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

4. எஞ்சினும் ஓட்டத் தொகுதியும்

இங்கே கவலைக்குரிய குறை ஒன்றே ஒன்று. 1989 முதல் 1991இன் நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. அதன் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் போனால் கப்பி ஆடத் தொடங்கி, சாவிப் பள்ளம் தேய்ந்து, வால்வுகளின் நேர ஒழுங்கு விலகும். எஞ்சின் இழுவையை இழக்கும். பின்னர் தண்டை நீட்டி மாற்றியமைத்தனர். முன்கப்பியின் முகத்தில் நான்கு பிளவுகள் தெரிந்தால் பழைய குட்டைத் தண்டு, எட்டு தெரிந்தால் புதியது. எஞ்சின் ஓடும்போது இந்தக் கப்பி தள்ளாடாமல் சுழல்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பது, ஆயிரக்கணக்கான பவுண்டு செலவைத் தவிர்க்கும்.

மற்றவை அச்சமூட்டுபவை அல்ல. டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை, தண்ணீர் பம்ப்போடு சேர்த்து மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாத வடிவமைப்பு என்பதால் எஞ்சின் சிதையாது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் வரும் டிக் டிக் ஒலி ஹைட்ராலிக் டாப்பெட்டுகளுடையது. நல்ல ஆயில் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். எஞ்சின் தலையின் பின்புறம் எண்ணெய் வழிந்திருந்தால், கேம் ஆங்கிள் சென்சாரின் சிறு ரப்பர் வளையம் இறுகிவிட்டது என்று பொருள். வளையத்தின் விலை அற்பம். ரேடியேட்டரின் மேல்தொட்டி கறுப்பு நிறம் மாறிப் பழுப்பாகியிருந்தால் அது விரைவில் வெடிக்கும், உடனே மாற்ற வேண்டும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசிவதும் வழக்கமே. பிரிட்டனில் 1995இலிருந்து விற்ற 1.6 வண்டிகளின் திறனைச் சுமார் 90 குதிரைத்திறனாகக் குறைத்துவிட்டனர் என்பதை மட்டும் விலை பேசும்போது நினைவில் கொள்ளவும்.

5. ஆவணச் சான்று

பிரிட்டனில் மூன்று ஆண்டு தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் எம்ஓடி சோதனையில் தேறவேண்டும். 2005 முதலான முடிவுகளை, வண்டி எண்ணைக் கொடுத்து அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் மைல் கணக்கைவிடப் பயனுள்ளவை சோதனையாளர் எழுதிவைத்த எச்சரிக்கைக் குறிப்புகள். ‘சில் பகுதியில் லேசான அரிப்பு’ என்று ஓராண்டு இருக்கும். மறு ஆண்டு ‘அடிப்பூச்சு இருப்பதால் பார்க்க இயலவில்லை’ என்று வரும். இவ்விரு வரிகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு நடுவில் நடந்தது விளங்கும்.

காப்பீட்டு நிறுவனங்கள் சேதமென்று கைவிட்ட, ஆனால் பழுது பார்த்து ஓட்டத்தக்க வண்டிகள் 2017 அக்டோபர் முதல் எஸ், என் என்ற வகைகளில் குறிக்கப்படுகின்றன. எஸ் என்பது உடற்கூட்டுச் சேதம். முன்னர் சொன்ன காரணத்தால், திறந்த காரில் எஸ் வகையைத் தவிர்ப்பதே நலம். சேஸிஸ் எண்ணையும் ஒப்பிடவேண்டும்: என்ஏ6சிஇ என்று தொடங்கினால் 1.6 யூனோஸ், என்ஏ8சி என்றால் 1.8 யூனோஸ். பதிவுச் சான்றில் வேறாக இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும்.

6. பேணல்

பேணலின் முதல் பணி வடிகுழாய்களைத் திறந்து வைப்பது. இலையுதிர்காலத்துக்கு முன்னும் பின்னும் வளையும் தன்மையுள்ள மெல்லிய குழலை நுழைத்து அடைப்பை எடுத்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அது தரையில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கூர்மையான கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. குழாய் கிழிந்தால் நீர் நேரே சில் பெட்டிக்குள் போகும். அடுத்து, சில் பெட்டியின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சைத் தெளிப்பது. உப்புத் தூவிய காலத்தில் ஓட்டினால் அடிப்பகுதியை வெறும் தண்ணீரால் கழுவுவது. இந்த மூன்றும் செய்தவரின் வண்டி எஞ்சியிருக்கிறது.

கூரையை இறக்குமுன் பின்புறப் பிளாஸ்டிக் சன்னலின் ஜிப்பைத் திறந்து படுக்கவைப்பது நல்லது. கடுங்குளிரில் மடித்தால் பிளாஸ்டிக் வெடிக்கும். நான்கு சக்கரங்களிலும் சாய்வையும் திசையையும் திருத்த வசதி உண்டு, ஆனால் அதற்கான நீண்ட போல்ட்டுகள் இறுகிப்போனால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை தளர்த்தி, கிரீஸ் தடவி, மீண்டும் முறுக்குவது சிறு வேலை. டயர் தேயாவிட்டாலும் வயதாகும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் தயாரான வாரமும் ஆண்டும் இருக்கும்.

கராஜில் மூடிவைத்துக் காப்பதைப் பேணல் என்று கொள்வது தவறு. நின்ற வண்டியில் பின் பிரேக் காலிப்பர்கள் இறுகுகின்றன, ரப்பர் வளையங்கள் காய்கின்றன, பெட்ரோல் கெடுகிறது. மாதம் இருமுறையாவது எஞ்சின் முழுதும் சூடேறும்வரை ஓட்டப்படும் 1,20,000 மைல் வண்டி, பத்தாண்டு நின்ற 30,000 மைல் வண்டியைவிட வாங்கத் தகுந்தது.

7. பாகங்களும் வருங்காலமும்

2017இல் மாஸ்டா நிறுவனமே ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பிக்கும் சேவையை அறிவித்தது. துணிக்கூரை, நார்டி மர ஸ்டீயரிங், பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயர் ஆகியவற்றை மீண்டும் செய்து தந்தது. பிரிட்டனில் சில் பெட்டித் தகடுகளைச் சிறு பட்டறைகள் அச்சில் அழுத்திச் செய்து விற்கின்றன. ஆனால் உள்ளலங்காரப் பிளாஸ்டிக், மேலெழும் முன்விளக்குகளின் மோட்டார் போன்றவை பெரும்பாலும் பழைய வண்டிகளைப் பிரித்தே கிடைக்கின்றன.

ஆகையால் இவ்வண்டியை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அலங்காரத்துக்காகக் கழற்றிய அசல் பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள். வெல்டிங் செய்தபோது எடுத்த படங்களையும் பில்களையும் ஒரு கோப்பில் சேர்த்து, விற்கும் நாளில் சாவியோடு அடுத்தவர் கையில் கொடுங்கள்.