எலும்பை உறுதியாக்கும் ஊசி: பலன் எவ்வளவு, பக்கவிளைவு எவ்வளவு?

திருவெறும்பூரிலிருந்து பஸ் ஏறி, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ புற்றுநோய் சிகிச்சைக்குச் சென்று வரும் குடும்பங்கள் பல. அங்கே அம்மாவுக்கோ அத்தாவுக்கோ “எலும்புக்கு ஒரு ஊசி போடணும்” என்று டாக்டர் சொல்கிறார். வீடு திரும்பியதும், “அந்த ஊசி போட்டால் தாடை எலும்பு அழுகிவிடுமாம்” என்று யாரோ சொல்ல, குடும்பமே குழம்பிப் போகிறது. முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ஏன் போடுகிறார்கள்?

மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் எலும்புக்குப் பரவலாம். மைலோமா எலும்பு மஜ்ஜையிலேயே தொடங்குகிறது. இவை எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. ஊசி அந்த அரிப்பைக் கட்டுப்படுத்துகிறது. எலும்பு முறிவு, தண்டுவடம் நசுங்குதல் போன்ற ஆபத்துகள் குறைகின்றன. புற்றுநோய்க்கான முக்கிய சிகிச்சைக்கு இது துணை மட்டுமே. அந்தச் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.

இரண்டு மருந்துகள்

சோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம், நரம்பு வழியாகக் குறைந்தது 15 நிமிடம் ஏற்றப்படும். டெனோசுமாப் 120 மில்லிகிராம், 4 வாரங்களுக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும். முதலாவது விலை குறைவு, ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இரண்டாவது சிறுநீரகத்துக்குப் பாரமில்லை, ஆனால் கால்சியத்தை அதிகம் குறைக்கும்.

பக்கவிளைவுகள்

காய்ச்சல், உடம்பு வலி: முதல் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகும்.

கால்சியம் குறைவு: வாயைச் சுற்றி மரமரப்பு, தசைப்பிடிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். ஊசிக்கு முன்பே பரிசோதித்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

சிறுநீரகம்: சோலெட்ரானிக் ஒவ்வொரு முறையும் போடும் முன் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

தாடை எலும்புச் சிதைவு: பயப்படும் அளவுக்கு அடிக்கடி வருவதல்ல. மாதாமாதம் போடும் புற்றுநோயாளிகளில் நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். ஊசி தொடர்ந்து போடப் போட ஆபத்து கூடும். பல் பிடுங்குவதே இதற்கு முக்கியத் தூண்டுதல். எனவே முதல் ஊசிக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறிய பின் தொடங்குவது நல்லது. பிறகு பல் வைத்தியத்துக்குப் போனால் ஊசி போட்டுவருவதைச் சொல்லிவிடுங்கள்.

தொடை எலும்பு முறிவு: நீண்ட காலம் போடுபவர்களில் அரிதாக வரும். தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ தொடர்ந்து வலி இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

இடைவெளியைக் கூட்டலாமா?

2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 1,822 நோயாளிகளைப் பார்த்தது. சோலெட்ரானிக்கை 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களுக்கும் 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களுக்கும் 2 ஆண்டுகளில் எலும்புப் பாதிப்புகள் ஏறக்குறைய ஒரே அளவுதான். செலவும் அலைச்சலும் குறைய, இந்த இடைவெளி நமக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். டெனோசுமாபை மட்டும் நாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எலும்பு அரிப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்பு முறிவு வரலாம்.

ரமலான் மாதத்தில்

சோலெட்ரானிக் ஏற்றும் நாளில் உடலில் நீர் குறையக் கூடாது. நோயாளி நோன்பைப் பின்னர் நோற்கலாம் என்ற சலுகை குர்ஆனில் (2:185) உள்ளது. பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களுக்கு இதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எலும்பில் நோய் பரவியிருக்கிறதா? எந்த மருந்து, எத்தனை வார இடைவெளி? கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு? பல்லைக் காட்டிவிட்டு வரலாமா? இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு ஊசியைத் தவிர்த்து, முறிந்த எலும்போடு படுக்கையில் கிடக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.