ஆழத்தின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கொடிகளின் வரலாற்றையே எழுதினர். போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டினர். ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காகப் பொருதனர். 1795இல் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1957 வரை அங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தனர். இவர்கள் அனைவரையும் ஈர்த்தது பெருங்கப்பல்களும் கரையை அணுகத்தக்க ஆழம். அவ்வாழத்தை எந்த மன்னனும் வெட்டவில்லை.

சுவாமிமலைப் பிளவை இராவணன் வாளால் வெட்டினான் என்றும், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் தாயின் ஈமக்கடனுக்காக அவனே உண்டாக்கினான் என்றும் மக்கள் கூறுவர். இதை ஏளனஞ் செய்தல் எளிது. ஆயினும், பிளந்த பாறையையும் சுடுநீரையும் கண்டு 'ஏன்?' என வினவிய மனிதனின் முதல் விடை அது.

அடுத்த விடையை விஞ்ஞானம் தந்தது. தென்கண்டங்கள் முன்னர் ஒன்றாயிருந்தன எனக் கருதிய எட்வர்ட் சூவெஸ், 1885இல் அந்நிலத்துக்குக் கோண்டுவானா எனப் பெயரிட்டார். அப்பெயர் மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடியினர் நாட்டிலிருந்து வந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் அல்பிரட் வெகனர் கூறியபோது அறிஞர் பலர் நகைத்தனர். 1960களில் கடலடி ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன. இலங்கை ஒருகாலத்தில் அந்தாட்டிக்காவோடு ஒட்டியிருந்தது. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. துறைமுகத்திலிருந்து தொடங்கி 3,000 மீற்றருக்கும் கீழிறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, பாறையிலுள்ள பழைய பிளவுகளைப் பற்றியே உருவாயிற்று என்பர் ஆய்வாளர். கன்னியாவில் எரிமலை இல்லை. வெடிப்புகள் வழியே ஆழத்துக்குச் சென்ற நீரே சூடேறி மேலெழுகின்றது.

இவ்வறிவு யாருக்குப் பயன்பட்டது? பேரரசுகள் துறைமுகத்தின் ஆழத்தை அளந்தன. தம் கப்பல்களுக்காக அளந்தன. பசிபிக் சமுத்திரத்தில் 1949இலேயே ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் எழுந்தது. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய ஏற்பாடு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் ஒரு புவித்தகடு மற்றொன்றன் கீழ் வழுக்க, 1,200 கிலோமீற்றருக்கு மேல் கடலடி உடைந்தது. பேரலை இலங்கையின் கீழ்க்கரையை எட்ட ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பிடித்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் அவ்விரண்டு மணிநேரத்தில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நிலம் அசைவது இயற்கை. அதைத் தடுக்க எவராலும் இயலாது. அசைந்த செய்தி மீனவன் குடிசையை எட்டாமற் போனதோ மனிதர் செய்த ஏற்பாட்டின் குறை. அழிவுக்குப் பின்னரே இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு உருப்பெற்றது. கப்பலுக்காகக் கடலை அளந்த அறிவு, கரையில் வலை உலர்த்துவோனுக்கும் உரியதாகும்போதே இத்துறைமுகத்தின் வரலாறு மக்கள் வரலாறாகும்.