கோடை மழையும் அடங்கலும்

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1895-இல்தான் தொடங்குகிறார்கள். அந்த வருசம் அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டது. பென்னிகுக் கட்டினார், தண்ணீர் வந்தது. இன்றைக்கு 14,707 ஏக்கர் இருபோகம் என்கிறது அரசுக் கணக்கு. மறுக்கவில்லை. ஆனால் மலைக்காட்டில் கல் சுமந்து, காய்ச்சலில் செத்துப்போன கூலிச் சனங்களின் பெயர் அந்தக் கதையில் வராது.

அது வாய்க்கால் தண்ணியின் வரலாறு. எங்களுடையது மழைத்தண்ணியின் வரலாறு. வயக்காடு அவர்களுக்கு, ஓடைக்கரைப் பள்ளம் எங்களுக்கு, அதுவும் குத்தகைக்கு. சின்னமனூர்ப் பக்கம் அறுபது சென்டில் அய்யாவும் அம்மாவும் தக்காளியும் சின்ன வெங்காயமும் போட்டிருந்தார்கள்.

2024 மே மாதம். பழைய குற்றாலத்தில் வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துப்போன அதே வாரம். வெயில் காய வேண்டிய நாளில் விடாமல் பெய்தது. தண்ணி நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். ராத்திரி ரெண்டு பேரும் மண்வெட்டியோடு போய் வாமடையைத் திறந்து, பாருக்குப் பார் வடிகால் வெட்டினார்கள். சாய்ந்த செடிக்குக் குச்சி ஊன்றிக் கட்டினார்கள். விடியும்போது பார்த்தால் வெட்டின வடிகால் ரொம்பி வழியுது. மேக்காட்டுக்காரர் தன் வரப்பை வெட்டி எங்க பக்கம் திருப்பியிருந்தார்.

"யாருகிட்டப் போயிக் கேக்குறது?" என்றாள் அம்மா. கேட்டால் அடுத்த வெள்ளாமைக்கு நிலம் இருக்காது. சாதி வரப்பு மேலயும் நிக்குது.

பூ கொட்டியது, இலை கருகியது, பழம் வெடித்தது. வெங்காயம் திருகல் விழுந்து அழுகியது. வரத்து குறைந்தால் விலை ஏறும். வெடித்த பழத்தை எடை போட ஆளில்லை.

நிவாரணத்துக்கும் விதி உண்டு. சேதம் 33 சதவீதமாவது இருக்கணும். அடங்கலில் பெயரும் இருக்கணும். எங்கள் அடங்கலில் இருப்பது டவுனில் குடியிருக்கும் நிலக்காரர் பெயர். எங்க குத்தகை வாய்ப்பேச்சு. குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்துவிட்டது. பதியச் சொல்லிக் கேட்கிற வாய்க்குத்தான் சோறு போய்விடும்.

சொந்த நிலமாவது கிடைத்திருக்கலாமே? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து வருசம் விற்கக்கூடாது, பிறகும் நம்மவருக்குத்தான் விற்கலாம். அந்தப் பஞ்சமி நிலம் எத்தனை கைகளில் போயிருக்கிறது! காரணையில் அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

ஈரம் சுண்டியதும் அய்யா மேட்டுப்பாத்தி போட்டுக் கீரை விதைத்தார். இருபத்தஞ்சு நாளில் அறுக்கலாம், வட்டிக்காவது ஆகும். அப்படித்தான் சமாளித்தோம். சமாளித்ததை வீரம் என்று எழுத எனக்கு மனசில்லை.

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்க ஊர் அடங்கலை வாங்குங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்குப் பக்கத்திலும், அந்த மண்ணில் மழைராத்திரி யார் மண்வெட்டியோடு நின்றார்கள் என்று எழுதுங்கள். நம்ம வரலாற்றை அங்கேயிருந்து ஆரம்பிப்போம்.