புதிய ஏழு உலக அதிசயங்களுக்கான வாக்குச் சேகரிப்பு

புதிய ஏழு உலக அதிசயங்களுக்கான வாக்குச் சேகரிப்பு என்பது, 2007ஆம் ஆண்டில் நிறைவடைந்த உலகளாவிய வாக்கெடுப்பு ஒன்றில் தத்தம் நாட்டுச் சின்னங்கள் வெற்றி பெறுவதற்காகப் பல நாடுகளின் அரசுகளும் நிறுவனங்களும் பொதுமக்களும் மேற்கொண்ட பரப்புரைகளைக் குறிக்கும். இணையம், தொலைபேசி, குறுஞ்செய்தி ஆகியவற்றின் வழியாக இவ்வாக்கெடுப்பு நடைபெற்றது. பதிவான வாக்குகள் 10 கோடிக்கும் மேற்பட்டவை என இதனை நடத்திய அமைப்பு அறிவித்தது.

பின்னணி

பண்டைய கிரேக்கர்கள் தொகுத்த ஏழு அதிசயங்களுள் இன்று எஞ்சியிருப்பது எகிப்தின் கீசாவிலுள்ள பெரிய பிரமிடு மட்டுமே. இதனால் புதிய பட்டியல் ஒன்றை மக்களே தெரிவு செய்ய வேண்டும் என்ற கருத்தை முன்வைத்து, சுவிட்சர்லாந்தில் பிறந்த கனடியரான பெர்னார்டு வெபர் 2000ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கினார். யுனெஸ்கோவின் முன்னாள் தலைமை இயக்குநர் பெடரிக்கோ மேயர் தலைமையிலான குழுவொன்று 77 இடங்களிலிருந்து 21 இடங்களைத் தெரிவு செய்தது. இறுதிப் பட்டியல் 2006 ஜனவரி 1 அன்று வெளியானது.

கீசா பிரமிடுகள் மற்றவற்றுடன் போட்டியிட வேண்டியதில்லை என எகிப்து எதிர்ப்புத் தெரிவித்தது. அதன் பின்னர் பிரமிடுகளுக்குச் சிறப்புத் தகுதி அளிக்கப்பட்டு, எஞ்சிய 20 இடங்களுக்கிடையே போட்டி நடந்தது.

வாக்களிப்பு முறை

இணையத்தில் வாக்களிப்பவர் தமது பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அளித்து, ஏழு இடங்களைத் தெரிவு செய்தார். தொலைபேசி மூலமும் வாக்களிக்க முடிந்தது. ஒருவரே பலமுறை வாக்களிப்பதைத் தடுக்க உறுதியான வழி எதுவும் இருக்கவில்லை. நாடுகளின் மக்கள்தொகைக்கு ஏற்ப வாக்குகளைச் சமன்செய்யும் ஏற்பாடும் இல்லை. ஆகவே, எவ்வளவு பேரை அணுகி வாக்களிக்கச் செய்ய முடிகிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணியாக அமைந்தது.

நாடுகளின் பரப்புரைகள்

பிரேசில்: ரியோ டி ஜெனீரோவில் 1931ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மீட்பரான கிறிஸ்து சிலைக்காக மிகப் பெரிய பரப்புரை நடந்தது. வங்கி, தொலைக்காட்சி நிறுவனம் முதலியவை இதற்குப் பொருளுதவி செய்தன. தொலைபேசி நிறுவனங்கள் இதற்கான அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் கட்டணம் பெறவில்லை. வாக்களிக்குமாறு வேண்டும் குறுஞ்செய்திகள் நகரவாசிகளின் கைபேசிகளுக்கு அனுப்பப்பட்டன. பேருந்துகளில் பயண அட்டையைப் பயன்படுத்தும்போது தோன்றும் மின்திரையிலும் இதே வேண்டுகோள் இடம்பெற்றது.

ஜோர்தான்: பெட்ராவுக்கான பரப்புரையில் அந்நாட்டு அரசி ரானியா நேரடியாகப் பங்கேற்றார்.

பெரு: மாச்சு பிச்சுவுக்கான பரப்புரையில் அந்நாட்டின் வெளிநாட்டு வணிக, சுற்றுலா அமைச்சு ஈடுபட்டது.

இந்தியா: தாஜ்மகாலுக்கு வாக்களிக்குமாறு செய்தித் தொலைக்காட்சிகளும் வானொலி நிலையங்களும் திரைக்கலைஞர்கள் உள்ளிட்ட பிரபலங்களும் கேட்டுக்கொண்டனர். இதையொட்டி ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாடல் ஒன்று தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியானது.

முடிவு

2007 ஜூலை 7 அன்று போர்த்துகலின் தலைநகரான லிஸ்பனில் உள்ள விளையாட்டரங்கம் ஒன்றில் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. வெற்றி பெற்றவை தரவரிசை இன்றிச் சமமானவையாக அறிவிக்கப்பட்டன. அவை:

சீனப் பெருஞ்சுவர் (சீனா)
பெட்ரா (ஜோர்தான்)
மீட்பரான கிறிஸ்து சிலை (பிரேசில்)
மாச்சு பிச்சு (பெரு)
சிச்சென் இட்சா (மெக்சிக்கோ)
கொலோசியம் (இத்தாலி)
தாஜ்மகால் (இந்தியா)

கம்போடியாவின் அங்கோர் வாட், கிரேக்கத்தின் அக்ரோபோலிஸ், மாலி நாட்டின் திம்புக்டு ஆகியவை வெற்றி பெறவில்லை. கம்போடியாவிலும் மாலியிலும் அப்போது இணையப் பயன்பாடு மிகக் குறைவாகவே இருந்தது. எனினும் இணைய வசதி மட்டுமே வெற்றிக்குப் போதுமானதாக இருக்கவில்லை. இணையப் பயன்பாடு மிகுந்த நாடுகளான பிரான்சின் ஈபெல் கோபுரமும் ஐக்கிய அமெரிக்காவின் சுதந்திரதேவி சிலையும் கூடத் தெரிவாகவில்லை.

விமர்சனங்கள்

இம்முயற்சிக்கும் தமக்கும் தொடர்பில்லை என யுனெஸ்கோ 2007 ஜூன் மாதத்தில் அறிவித்தது. இது ஒரு தனியார் முயற்சி என்றும், இணைய வசதி உள்ளோரின் கருத்தை மட்டுமே வெளிப்படுத்துவது என்றும், உலக மக்கள் அனைவரின் கருத்தாகாது என்றும் அது குறிப்பிட்டது. எகிப்தியத் தொல்லியலாளர் சாகி ஹவாசும் இவ்வாக்கெடுப்பைக் கடுமையாக விமர்சித்தார்.

வாக்களிப்போர் தாமாக முன்வந்து பங்கேற்பதாலும், ஒருவரே பலமுறை வாக்களிக்க இயலுவதாலும் இத்தகைய வாக்கெடுப்புகளை அறிவியல்முறைக் கருத்துக்கணிப்பாகக் கொள்ள இயலாது. கருத்துக்கணிப்பில் மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும் மாதிரி தெரிவு செய்யப்படுகிறது. இங்கோ நண்பரின் வேண்டுகோள், நாட்டுப்பற்று, விளம்பரம் ஆகியவற்றால் ஈர்க்கப்பட்டவர்களே வாக்களிக்கின்றனர். வாக்காளர் தாம் ஆதரிக்கும் இடத்தை மற்ற இடங்களுடன் ஒப்பிட்டறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

பின்னைய வாக்கெடுப்புகள்

இதே அமைப்பு நடத்திய புதிய ஏழு இயற்கை அதிசயங்களுக்கான வாக்கெடுப்பின் தற்காலிக முடிவு 2011 நவம்பர் 11 அன்று வெளியானது. வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் பரவியுள்ள சுந்தரவனம் 28 இடங்கள் கொண்ட இறுதிப் பட்டியலில் இருந்தும் தெரிவாகவில்லை. எதிர்பாராத செலவுகளைக் காரணம் காட்டி மாலைத்தீவு 2011 மே மாதத்தில் போட்டியிலிருந்து விலகியது. வெற்றி பெற்ற ஜெஜு தீவுக்காகத் தென்கொரியாவின் அம்மாகாண அரசு அலுவலர்கள் தொலைபேசியில் திரும்பத் திரும்ப வாக்களித்தனர். அதற்கான பெருந்தொகைக் கட்டணம் பொதுநிதியைச் சார்ந்ததால் அந்நாட்டில் சர்ச்சை எழுந்தது. நகரங்களுக்கான மூன்றாவது வாக்கெடுப்பின் முடிவு 2014ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

உலக பாரம்பரியக் களங்களுடன் வேறுபாடு

புதிய ஏழு அதிசயங்களின் பட்டியல் பொது அறிவு நூல்களில் இடம்பெறுவதால், அது யுனெஸ்கோவின் பட்டியல் எனச் சில வேளைகளில் தவறாகக் கருதப்படுகிறது. உலக பாரம்பரியக் களங்கள் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின்படி, வல்லுநர்களின் ஆய்வுக்குப் பின்னர் அறிவிக்கப்படுபவை. அவற்றைப் பாதுகாக்கும் கடமை அந்தந்த நாட்டு அரசுக்கு உண்டு. இணைய வாக்கெடுப்பில் பெறும் வெற்றி அத்தகைய கடமை எதையும் ஏற்படுத்துவதில்லை. வெற்றி பெற்ற ஏழனுள் ஆறு, வாக்கெடுப்புக்கு முன்னரே உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. தாஜ்மகால் 1983ஆம் ஆண்டிலேயே அதில் சேர்க்கப்பட்டது. கிறிஸ்து சிலை அமைந்துள்ள ரியோ டி ஜெனீரோ நிலத்தோற்றம் 2012ஆம் ஆண்டில் அப்பட்டியலில் சேர்ந்தது.