இருட்டறையில் பொறி எண்ணியவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரியக்க ஆய்வுக்கூடங்களில் விசித்திரமான வேலை ஒன்று இருந்தது. இருட்டறைக்குள் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் நுண்ணோக்கி வழியே ஒரு சிறு திரையைப் பார்த்து, அதில் மின்மினிபோல் தோன்றி மறையும் ஒளிப்பொட்டுகளை எண்ண வேண்டும். ஓரிரு நிமிடம் எண்ணினாலே கண் சோர்ந்துவிடும். கொஞ்சம் ஓய்வு; பிறகு மறுபடியும் எண்ணிக்கை.

ஏன் இந்தப் பாடு? நிலையில்லாத அணுக்கரு தானாகச் சிதைந்து, துகளையோ ஆற்றலையோ வெளியே வீசுவதுதான் கதிரியக்கம். அது நம் கண்ணுக்கோ காதுக்கோ தட்டுப்படாது. வேறொரு பொருளின்மேல் அது விட்டுப்போகும் தடயம்தான் சாட்சி. 1896-இல் பாரிஸில் ஆன்ரி பெக்கரெலுக்குக் கிடைத்த சாட்சி, இழுப்பறைக்குள் யுரேனிய உப்போடு கிடந்த புகைப்படத் தகடு. வெயில் படாமலே அதில் கறை விழுந்திருந்தது. ஆனால் அந்தக் கறை மொத்தக் கணக்கைத்தான் காட்டும். துகள்களை ஒவ்வொன்றாக எண்ணித் தராது.

அதற்கு வழி காட்டியவர் லண்டன் விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ். 1903-இல் துத்தநாக சல்ஃபைடு பூசிய திரைக்குப் பக்கத்தில் துளி ரேடியத்தை வைத்து, உருப்பெருக்கியால் பார்த்தார். திரையெங்கும் பொறி பறந்தது. ஒவ்வொரு பொறியும் ரேடியம் வீசிய ஓர் ஆல்ஃபா துகள் வந்து மோதிய அடையாளம்.

மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு இதை ஆய்வுக் கருவியாக்கினார். உட்கார்ந்து எண்ண அவருக்குப் பொறுமை கிடையாது. அந்தச் சுமை உதவியாளர் ஹான்ஸ் கைகரின் தலையில் விழுந்தது. உலோகத் தகட்டின்மேல் பாய்ந்த ஆல்ஃபா துகள்களில் ஏறக்குறைய 8,000-க்கு ஒன்று திரும்பி வருவதை 1909-இல் கைகரும் மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இப்படி எண்ணியே கண்டுபிடித்தார்கள். அணுவின் நடுவில் கரு இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு 1911-இல் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எண்ணுவது மனிதக் கண் என்பதால் வந்த வினை, 1920-களில் வியன்னாவில் வெளிப்பட்டது. அங்கிருந்த ரேடியம் ஆய்வுக் கழகத்தில் சுவீடன்காரர் ஹான்ஸ் பெட்டர்சனும் கெர்ஹார்ட் கிர்ஷும், கார்பன் போன்ற தனிமங்களின் அணுக்கருவையும் ஆல்ஃபா துகளால் உடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்குள் கேம்பிரிட்ஜுக்கு மாறியிருந்த ரூதர்ஃபோர்டின் குழு அதே சோதனையைச் செய்தால் ஒன்றும் உடையவில்லை. ஆண்டுக்கணக்கில் நீண்ட சண்டை இது.

1927 டிசம்பரில் ரூதர்ஃபோர்டு குழுவின் ஜேம்ஸ் சாட்விக் வியன்னாவுக்கே போய் நேரில் பார்த்தார். அங்கே ஆண்கள் யாரும் எண்ணவில்லை. இளம் பெண்கள் மூவர் எண்ணினார்கள். எந்தச் சோதனையில் எவ்வளவு பொறி வர வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. சாட்விக் கருவியின் அமைப்பை அவர்களிடம் சொல்லாமல் மாற்றி மாற்றி வைத்து எண்ணச் சொன்னார். இப்போது வந்த எண்கள் கேம்பிரிட்ஜ் எண்களோடு ஒத்துப்போயின. அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. மங்கலான பொறி விழுந்ததா இல்லையா என்று தடுமாறும் நொடியில், எதிர்பார்ப்பு முந்திக்கொண்டது. பிழை சோதனையை வகுத்தவர்களுடையது. விஷயத்தைப் பகிரங்கப்படுத்தாமல் இரு தரப்பும் கமுக்கமாக முடித்துக்கொண்டன.

அதே வியன்னா கழகத்தில் இயற்பியலாளர் மரியெட்டா பிளாவு கண்ணை நம்பாமல் புகைப்படத் தகட்டுக்கே திரும்பியிருந்தார். தடித்த பூச்சுத் தகட்டில் ஒவ்வொரு துகளின் பாதையையும் பதிய வைத்தார். 1937-இல் அவரும் ஹெர்த்தா வாம்பாக்கரும் மலையுச்சியில் வைத்திருந்த தகடுகளில், விண்கதிர் மோதி அணுக்கரு சிதறிய தடம் நட்சத்திர வடிவில் பதிந்திருந்தது. யூதர் என்பதால் மறு ஆண்டே பிளாவு ஆஸ்திரியாவை விட்டு வெளியேற நேர்ந்தது.

இதற்கிடையே, எண்ணி எண்ணிக் கண் பூத்த கைகரே இந்த வேலைக்கு முடிவு கட்டியிருந்தார். 1928-இல் அவரும் வால்தர் முல்லரும் செய்த குழாய்க்குள் வாயு. நடுவே மெல்லிய கம்பி. அதில் உயர் மின்னழுத்தம். கதிர் நுழைந்தால் வாயு அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்து கம்பியை நோக்கி ஓடும். போகிற வழியில் மேலும் பல எலக்ட்ரான்களைப் பிய்க்கும். அந்த மின்துடிப்புதான் ஒலிபெருக்கியில் ‘டிக்’ என்று கேட்கிறது.

ஆனால் பொறி ஒழிந்துவிடவில்லை. தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமா கதிர் பட்டால் ஒளிரும் என்று 1948-இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் காட்டினார். இன்று மருத்துவமனையில் தைராய்டு ஸ்கேன் எடுக்கும் காமா கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்தப் படிகம்தான்; பொறியை எண்ணுவது மட்டும் ஒளிப்பெருக்கிக் குழாய்.