முக்காலியும் கிறேனும்

எல்லோரும் ஊரைப்பற்றிக் கவிதை எழுத, நான் கிறேனைப்பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழு அண்ணை ஒருவர் சிரித்தார். தொழிற்சாலையில் பாரம் தூக்கிப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன வரும்?

2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை பூட்டுப்பட்ட பிறகு, ஒரு மாரியில் எங்கட தோட்டக் கிணற்றுக்குள் வோட்டர் பம் விழுந்துவிட்டது. ஐயா மூன்று நீளத் தடிகளை உச்சியில் சேர்த்துக்கட்டி, முக்காலியாகக் கிணற்றுக்கு மேல் நிறுத்திக் கப்பியைத் தொங்கவிட்டார். மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. நாலு கால் என்றால் ஒன்று அந்தரத்தில் நிற்கும். ஆனால் பம் பாதி வர, ஈரமண்ணில் ஒரு கால் புதைந்து எல்லாம் சரிந்தது. ஐயாவுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

நான் அப்போது உயர்தரம். இணைந்த கணிதத்தில் கப்பிக் கணக்கு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நாலு கயிற்றில் பாரம் தொங்கினால் கால்வாசி விசை போதும், ஆனால் நாலு மடங்கு கயிறு இழுக்கவேண்டும். கணக்கில் கப்பி ஒப்பமானது, இழை இலேசானது. நிலத்தைப்பற்றி ஒரு சொல்லும் வராது.

இந்தக் கப்பி வேலை புதிதல்ல. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே உரோமரான விற்றூவியஸ் எழுதி வைத்திருக்கிறார். கேரளத்துப் பேப்பூர்க் கலாசிகள் மரமும் கயிறும் கப்பியும் கொண்டு உருக்களை ஏற்றி இறக்குகிறவர்கள். 1988 ஜூலையில் பெருமண் பாலத்தில் ரயில் தடம்புரண்டு அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்தபோது, பெட்டிகளைத் தூக்க அவர்களையும் கூப்பிட்டார்கள்.

நான் இருக்கிற பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ட்ரென்ரன் கூடினால் அரை மணி நேரம். ஜோன் ரோப்ளிங் என்ற ஜேர்மன்காரர் தன் கம்பிக்கயிற்றுத் தொழிற்சாலையை 1849 அளவில் அங்கேதான் கொண்டுவந்தார். அதற்கு முன் பென்சில்வேனியா மலைச்சரிவுகளில் கால்வாய்ப் படகுகளை இழுத்த சணல் வடங்கள் அறுந்துபோகும். அதைப் பார்த்துத்தான் அவருக்குக் கம்பியை முறுக்கும் எண்ணம் வந்தது. அவரும் வந்தேறிதான்!

அதே பென்சில்வேனியாவில், ஷேடி குறோவ் என்ற சிற்றூரில், 1947இல் குறோவ் சகோதரர்கள் கமக்காரருக்கு ரப்பர் ரயர் வண்டி செய்யத் தொடங்கினார்கள். பட்டறையில் இரும்பு தூக்கக் கிறேன் தேவைப்பட, தாங்களே ஒன்று செய்தார்கள். பிறகு வண்டியைவிடக் கிறேனே பேரெடுத்தது. கரடுமுரடான நிலத்துக் கிறேன் என்றால் இன்றும் அந்தப் பெயர்தான். பெரிய ரயர், நாலு சில்லும் திரும்பும், தூக்குமுன் பக்கவாட்டில் நாலு கால் நீளும்.

போன மாரி, பனி உருகின சேற்றில் அப்படியொன்று வேலை செய்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு காலின் கீழும் ஓட்டுநர் தடித்த பலகை அடுக்கினார். பாரம் பரவினால் கால் புதையாது. அன்றிரவு ஊருக்குப் போன் எடுத்து ஐயாவுக்குச் சொன்னேன்.

"காலுக்குக் கீழ என்ன வைச்சவங்கள்?"

"பலகை, ஐயா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பலகை அண்டைக்கு எங்கட கொட்டிலுக்குள்ளயும் கிடந்தது, தம்பி."