திருவருகைக்கால வளையம்: வண்டிச் சக்கரம் முதல் வைக்கோல் பிரி வரை

திருவருகைக்கால வளையம் என்பது நான்கு மெழுகுவர்த்திகளைத் தாங்கிய பசுந்தழை வளையம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், வாரத்துக்கு ஒன்றாக இவை ஏற்றப்படுகின்றன. முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு எனச் சுடர்கள் கூடி, நான்காம் ஞாயிறன்று நான்கும் எரியும். இன்று தமிழகத்திலும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலும் கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகள் இரண்டும் இவ்வழக்கத்தை அறிந்துள்ளன.

பெயர்

சிலர் இதை 'மலர்வளையம்' என்பர். தமிழில் அச்சொல் இறந்தவருக்குச் செலுத்தும் அஞ்சலியையே முதலில் நினைவூட்டும். மேலும் இவ்வளையத்தில் மலர் கட்டாயமில்லை, தழையே முதன்மை. ஆகவே 'திருவருகைக்கால வளையம்' என்பதே பொருத்தமான பெயர்.

தோற்றம்

இதைப் பழங்கால ஐரோப்பிய வழிபாட்டின் எச்சம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் இன்றைய வடிவிலான வளையத்தின் தெளிவான வரலாறு 1839-இல்தான் தொடங்குகிறது. யோகான் ஹின்ரிக் விக்கர்ன் (1808–1881) என்னும் லுத்தரன் இறையியலாளர், ஆதரவற்ற, ஏழைச் சிறுவர்களுக்காக 1833-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகே 'ரௌஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தை நிறுவினார். 'கிறிஸ்துமஸ் எப்போது வரும்?' என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், நாள்களை எண்ணிக் காட்ட அவர் ஒரு வழி கண்டார் எனச் சொல்லப்படுகிறது. பழைய வண்டிச் சக்கரம் ஒன்றின்மேல் மெழுகுவர்த்திகளை வரிசையாக நிறுத்தினார். வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தி, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி.

1839-இல் டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. எனவே அவ்வாண்டுக்கு 20 சிறியவையும் 4 பெரியவையும் தேவைப்பட்டன. திருவருகைக் காலம் நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையுள்ள ஏதேனும் ஒரு நாளில் தொடங்கும். அதனால் மொத்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு 22 முதல் 28 வரை மாறும். சக்கரத்தைப் பசுந்தழையால் சுற்றும் வழக்கம் பின்னர் சேர்ந்தது. வீடுகளுக்கு அத்தனை மெழுகுவர்த்திகள் கட்டுப்படியாகாததால், ஞாயிறுக்குரிய நான்கு மட்டும் நிலைத்தன.

கத்தோலிக்கர் இதை ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1925-இல் கொலோன் நகரிலும் 1930-இல் மியூனிக்கிலும் கத்தோலிக்க ஆலயங்களில் வளையம் இடம்பெற்றது. கத்தோலிக்க வழக்கில் மூன்று மெழுகுவர்த்திகள் ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு, 'மகிழுங்கள்' எனப்படும் மூன்றாம் ஞாயிற்றுக்குரியது. எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்னும் விளக்கங்களும் பிற்காலத்தவை. முதலில் அது பிள்ளைகளுக்கான நாள்காட்டி மட்டுமே.

காரைக்கால் கரையும் வளையமும்

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. விக்கர்ன் சக்கரத்தைத் தொங்கவிட்டது அதற்குச் சரியாக நூறாண்டுகளுக்குப் பிறகு. வடக்கே அண்மையில் உள்ள தரங்கம்பாடிக்கு ஜெர்மானிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706-இல் வந்தார். 1718-இல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அவர் கொண்டுவந்தவற்றிலும் இவ்வளையம் இருந்திருக்க முடியாது. கொலோன் ஆலயத்தில் வளையம் ஏறியபோது, காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி முடிய 29 ஆண்டுகளே எஞ்சியிருந்தன. ஆகவே இவ்வழக்கத்தைக் காரைக்காலின் பழைய பிரெஞ்சு எச்சம் என்பது பொருந்தாது. இக்கடற்கரைக் கிறிஸ்தவம் இவ்வளையத்தைவிட மூத்தது.

இதனால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஐரோப்பிய ஃபிர் மரத்தழை இல்லாமல் செய்வது அசலாகுமா என்று தயங்கி, கடையில் நெகிழித் தழை வாங்குவோர் உண்டு. ஆனால் முதல் வளையத்தின் அடிப்படை கையருகே கிடந்த பழஞ்சக்கரம். ஜெர்மனியிலேயே இன்றும் பல வளையங்களின் உட்கூடு வைக்கோல்தான். நெல் விளையும் காவிரிக் கடைமடையில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை.

வீட்டில் செய்யும் முறை

வைக்கோலை நீர் தெளித்துப் பதப்படுத்தி, முன்கை பருமனுக்குப் பிரியாக முறுக்க வேண்டும். அதை ஒரு முழ அகலமுள்ள வட்டமாக வளைத்துச் சணலால் இறுகக் கட்டினால் கூடு தயார். ஈரம் காய்ந்த பின் சவுக்குக் கொழுந்துகளைச் சிறு கொத்துகளாக, ஒன்றின் அடியை அடுத்தது மறைக்குமாறு, ஒரே திசையில் கட்டலாம். ஊசி போன்ற சவுக்குத்தழை ஃபிர் தழையை ஒத்திருக்கும். சவுக்கும் வெளியிலிருந்து வந்து, 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கரைகளில் பரவலாக நடப்பட்ட மரமே. சவுக்கு கிடைக்காத இடத்தில் மாவிலை போதும். தழை ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு ஞாயிறும் மாற்ற வேண்டும்.

வைக்கோல் எளிதில் தீப்பற்றும். ஆகவே மெழுகுவர்த்திகளை வளையத்தில் செருகாமல், மணல் நிரப்பிய நான்கு மண்கிண்ணங்களில் நட்டு வளையத்தின் நடுவெளியில் வைப்பது நல்லது. முழுவதையும் ஒரு தாம்பாளத்தில் அமைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் காற்று திடீரென வீசும்; சன்னலோரத்தையும் திரைச்சீலை அருகையும் தவிர்க்க வேண்டும். செபம் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

மெழுகுவர்த்திக்குப் பதில் அகல் விளக்கும் ஏற்றலாம். இந்திய ஆயர்கள் கேட்டு 1969-இல் உரோமை ஒப்புதல் தந்த பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களுள், மெழுகுவர்த்திக்கு ஈடாக எண்ணெய் விளக்கைப் பயன்படுத்துவதும் ஒன்று. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய நாள்களில் திருவருகைக் காலம் வருவதால், இப்பகுதிச் சந்தைகளில் அகல் எளிதாகவே கிடைக்கும்.

சில இடங்களில் கிறிஸ்து பிறப்பு இரவன்று நடுவே ஐந்தாவதாக ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி ஏற்றப்படும். அத்துடன் வளையத்தின் வேலை முடிகிறது. சணலை அவிழ்த்தால் கிடைக்கும் வைக்கோலைக் குடிலில் குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டியில் பரப்பலாம்.